உட்காருமா என்று மட்டும் கேட்காதீர்கள்

(அத்திப்பட்டில் வாகனப் பழுதுபார்ப்போரும் ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடையை மதியமே பூட்டிவிட்டு, கையில் கிரீஸ் வாடை போகாமலே வந்து அமர்ந்திருக்கும் மெக்கானிக் நண்பர்களே, சீருடையோடு முன்வரிசையில் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே, நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் அனல் மின் நிலையத் தோழர்களே!

இன்று நான் பேசப்போவது ஒரே ஒரு வேலையைப் பற்றி. புதுக் காரில் பழைய இன்ஜின் ஏற்றுகிற வேலை. செயின் பிளாக்கில் இன்ஜினைத் தொங்கவிட்டுக்கொண்டு நாம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "உட்காருமா?" உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். முடிந்ததா? அங்கேதான் வேலை தொடங்குகிறது. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அத்திப்பட்டில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் போனால் காமராசர் துறைமுகம். அங்கே புத்தம்புதுக் கார்கள் வரிசைகட்டிக் கப்பலேறுகின்றன. இங்கிருந்து மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால், கொஞ்ச தூரத்தில் புதுப்பேட்டை. அங்கே கழற்றிய இன்ஜின்கள் நடைபாதை வரைக்கும் அடுக்கிக் கிடக்கின்றன. ஒரு பக்கம் நாளைய வண்டி. இன்னொரு பக்கம் நேற்றைய இன்ஜின். இரண்டுக்கும் நடுவில் ஸ்பானரோடு நிற்கிறவர்கள் நாம்.

இந்த வட்டாரத்துக்கு இன்ஜின் புதிதும் அல்ல. பக்கத்து எண்ணூரில், 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. திருவள்ளூர் பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998இலிருந்து மிட்சுபிஷி லான்சரைச் செய்தது. இரும்பும் ஆயிலும் நம் தெருவில் மூன்று தலைமுறையாகப் புழங்குகின்றன.

மின் நிலையத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். வடசென்னை அனல் மின் நிலையத்தில் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் யூனிட் மூன்று. இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் யூனிட் இரண்டு. 210 யூனிட்டின் டர்பைனைக் கழற்றி, 600 யூனிட்டின் பாய்லரோடு மாட்டிவிடலாம், இரண்டும் நீராவியில்தானே ஓடுகிறது என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள்? சிரிக்கிறீர்கள். ஆனால் காரில் மட்டும் அதையே ஒருவர் கேட்டால், "கொண்டு வாங்க சார், பார்த்துக்கலாம்" என்கிறோமே! ஏன்?

ஏனென்றால் காரில் அது உட்கார்ந்துவிடுகிறது. அதுதான் சிக்கல்.

ஒரு சொந்தக் கதை சொல்கிறேன். பெருமைக்குரிய கதை இல்லை.

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் மறந்திருக்காது. தண்ணீரில் நின்ற காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்? ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியுமா? பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும். கனெக்டிங் ராடு வளையும். ஒரு சாவித் திருப்பலில் இன்ஜின் போய்விடும். பாடி நன்றாக இருக்கும், சீட்டைக் காயவைத்தால் போதும், இன்ஜின் மட்டும் போயிருக்கும். அப்போது எல்லார் மனத்திலும் வருவது ஒரே எண்ணம்: "ஒரு செகண்ட் ஹேண்ட் இன்ஜின் போட்டுவிடலாம்."

2015 வெள்ளத்துக்குப் பிறகு என் பட்டறைக்கு ஒரு பள்ளி ஆசிரியரின் சின்னக் கார் வந்தது. எந்த கம்பெனி என்பது வேண்டாம், தப்பு கம்பெனியுடையது இல்லை, என்னுடையது. இன்ஜெக்ஷன் வண்டி. ராடு வளைந்து பிளாக்கே உடைந்திருந்தது. அதே வருஷத்து இன்ஜின் விலை அவருக்குக் கட்டவில்லை. அதே கம்பெனியின் அதே இன்ஜின், ஆனால் பழைய கார்ப்பரேட்டர் காலத்தது, பாதிக்கும் குறைந்த விலையில் கிடைத்தது. பிளாக் ஒன்றுதான். மவுண்டிங் ஒன்றுதான். கியர் பாக்ஸ் போல்ட் துளைகள்கூட ஒன்றுதான்.

மாலை ஆறு மணிக்கு இறக்கினோம். ஒரு தட்டு தட்டவில்லை, ஒரு இழு இழுக்கவில்லை. போல்ட் எல்லாம் கையாலேயே ஏறின. பையன்கள் "உட்கார்ந்துடுச்சு அண்ணே!" என்று கத்தினார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த டீக்கு நான் கொடுத்த விலை என்ன என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் உங்களை வண்டலூருக்குக் கூட்டிப் போகவேண்டும். ஏனென்றால் நான் செய்த இதே வேலையை, நம் சென்னையிலேயே ஒரு தொழிற்சாலை செய்தது. பொறியாளர்களை வைத்து, வரைபடம் போட்டு, விளம்பரம் கொடுத்துச் செய்தது.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் என்ற பெயர் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1961இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு விட்டவர்கள். 1972இல் கெசல் விட்டவர்கள். அவர்கள் 1985இல் ஒரு காரை இறக்கினார்கள். பெயர் ஸ்டாண்டர்ட் 2000. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஏன்? அந்த உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. 1976இல் வெளிவந்து, மறுவருடமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டம் வாங்கிய வண்டி. அம்பாசடரையும் பத்மினியையும் பார்த்துப் பழகிய சாலையில், அது வேற்றுக் கிரகத்து வண்டி மாதிரி வந்து நின்றது.

பானெட்டைத் திறந்தால்?

இங்கிலாந்தில் தொடக்கத்தில் இருந்தது மூன்றரை லிட்டர் அலுமினிய வி8 இன்ஜின். நம் ஊரில் அதன் இடத்தில் உட்கார்ந்தது 1991 சி.சி. நான்கு சிலிண்டர் வார்ப்பிரும்பு இன்ஜின். அதன் பூர்வீகம் என்ன? 1940களின் ஸ்டாண்டர்ட் வான்கார்டு கார். அந்த இன்ஜினின் நெருங்கிய உறவுகள் ஃபெர்குசன் டிராக்டரில் வயல் உழுதுகொண்டிருந்தவை. ஐந்து கியருக்காகப் பிறந்த வண்டிக்கு நான்கு கியர் பெட்டி. நம் சாலைக்காக உயர்த்திய சஸ்பென்ஷன். சட்டை 1976, நெஞ்சு 1948.

உட்கார்ந்ததா? உட்கார்ந்தது! வி8க்கு வெட்டிய இடத்தில் நான்கு சிலிண்டர் உட்கார என்ன தடை? தாராளமாக உட்கார்ந்தது. ஓடியதா? ஓடியது. விலைக்கு ஏற்ற வேகம் இல்லை. பெட்ரோலைக் குடித்தது. 1983 டிசம்பரிலேயே மாருதி வந்து, மைலேஜ் என்றால் என்ன என்று மக்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்த காலம் அது. 1988இல் ஸ்டாண்டர்ட் 2000இன் கதை முடிந்தது. நாற்பது ஆண்டுக் கம்பெனியின் கார்க் கதையும் அதோடு முடிந்தது.

இப்போது ஒரு கேள்வி. அந்த இன்ஜின் கெட்ட இன்ஜினா?

இல்லை. இதைக் கவனமாகக் கேளுங்கள். அதே குடும்பத்து 1991 சி.சி. இன்ஜின்தான் 1953இல் டிரயம்ப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது. ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள அந்த வண்டியில் அது சிட்டாகப் பறந்தது. ரேஸ் ஓடியது. டிராக்டரில் அது உழைத்தது. ஸ்போர்ட்ஸ் காரில் அது பறந்தது. அதே இன்ஜின், பல நூறு கிலோ கூடுதலான எஸ்.டி.1இல் மூச்சு வாங்கியது. கெட்டது இன்ஜினா, இடமா?

இதற்கு எதிர்ச் சாட்சியும் இருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா. வாக்ஸ்ஹால் விக்டரின் நீண்ட, அகன்ற உடல். 1984இல் அதற்குள் வைத்தது என்ன? அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜின்! சுமார் 50 குதிரைத்திறன். யானை உடம்புக்குக் கழுதை இழுவை. பிறகு அதே கம்பெனி, அதே உடலில், ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினையும் அதற்கேற்ற ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்துப் பூட்டியது. வண்டி வேறு வண்டி ஆனது! இன்றைக்கும் கான்டெசா கிளாசிக் என்றால் கண் கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உடல் ஒன்றுதான். மாறியது இன்ஜின் மட்டுமா? கியர் பெட்டியும் சேர்ந்து வந்தது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, தொழிற்சாலைக் கதை போதும். நம் பட்டறைக்குத் திரும்புவோம். உட்காருமா என்ற ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டில், என் பட்டறைச் சுவரில் இன்று ஏழு கேள்விகள் சாக்பீஸில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: உட்காருமா?

கேட்கவேண்டாம் என்று சொல்லவில்லை, அதோடு நிறுத்தவேண்டாம் என்கிறேன். மவுண்டிங் பொருந்தினால் மட்டும் போதாது. ஆயில் சம்ப் கிராஸ் மெம்பரில் இடிக்கிறதா பாருங்கள். சைலன்சர் மேனிஃபோல்டு ஸ்டியரிங் ராடுக்கு எவ்வளவு பக்கம் வருகிறது பாருங்கள். இன்ஜின் ஐடிலில் ஆடும், கிளட்சை விட்டதும் இன்னும் ஆடும். நிற்கும்போது இடிக்காதது, ஆடும்போது இடிக்கும். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் கனமானது என்றால் முன்பக்கம் தாழும், ஸ்பிரிங் சோரும், திருப்பத்தில் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது.

இரண்டாம் கேள்வி: பிடிக்குமா?

கிளட்ச் பிடிக்குமா, கியர் பெட்டி பிடிக்குமா? இன்ஜினும் கியர் பெட்டியும் வேறு வேறு குடும்பம் என்றால் நடுவில் அடாப்டர் பிளேட் போடுவோம். லேத்தில் கொடுத்து அடிப்போம். அந்தப் பிளேட்டின் மையம் தலைமுடி அளவு தள்ளிப்போனால் போதும். கிராங்க் ஒரு மையத்தில் சுற்றும், கியர் பெட்டியின் ஷாஃப்ட் இன்னொரு மையத்தில் சுற்றும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. முதல் மாதம் கிளட்ச் உதறும். அப்புறம் ஸ்பிகாட் பேரிங் அழும். அப்புறம் கியர் பெட்டியே அழும். வாடிக்கையாளர் வந்து, "நீங்க இன்ஜின்தானே மாத்தினீங்க, கியர் பாக்ஸ் ஏன் போச்சு?" என்பார். என்ன பதில் சொல்வீர்கள்?

பல்லுக் கணக்கும் உண்டு. ஒரு காலத்தில் பெட்ரோல் அம்பாசடருக்குள் டீசல் இன்ஜின் ஏற்றாத பட்டறை உண்டா? பழைய டீசல் இன்ஜின் நாலாயிரம் சுற்றைத் தாண்டவே முனகும். பெட்ரோல் இன்ஜின் அதற்கு மேலும் சுற்றும். கிரவுன் பினியனை மாற்றாமல் விட்டால், மேடு ஏறும், ஆனால் தேசிய நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கவேண்டும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது.

மூன்றாம் கேள்வி: குடிக்குமா?

இங்கேதான் அந்த ஆசிரியரின் கார் மீண்டும் வருகிறது.

உட்கார்ந்துவிட்டது என்று டீ குடித்தோம் அல்லவா? மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். டேங்கில் பம்ப் 'ஸ்ஸ்' என்று இரண்டு விநாடி ஓடி நின்றது. இன்ஜின் எடுத்தது, கொஞ்சம் ஓடியது, அணைந்தது. மறுபடி சாவி. மறுபடி இரண்டு விநாடி. மறுபடி அணைந்தது. ஏன்? இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. கிராங்க் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் அது பம்பை ஓடவிடும். சொல்லவில்லை என்றால் நிறுத்திவிடும். நான் போட்ட பழைய இன்ஜினில் அந்தச் சென்சாரே இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இன்ஜின் ஓடவே இல்லை. கண்ணெதிரே ஓடுகிற இன்ஜினை அது நம்பவில்லை!

எலக்ட்ரீஷியன் வந்தார். "இதுக்கா அண்ணே? டைரக்ட் கொடுத்துடறேன்" என்றார். சாவியிலிருந்து பம்புக்கு நேராக ஒரு வயர். முடிந்தது. பம்ப் நிற்காமல் ஓடியது. இன்ஜினும் ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அரை நிமிடம். பெட்ரோல் வாடை. குனிந்து பார்த்தேன். கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்து, மேனிஃபோல்டுப் பக்கம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. சாவியை அணைத்து, ஒரே பாய்ச்சலில் பேட்டரி டெர்மினலைப் பிடுங்கினேன். பையன் மணல் வாளியோடு நின்றான். இன்னும் ஒரு நிமிடம் ஆகியிருந்தால் இன்று நான் இந்த மேடையில் இல்லை.

என்ன நடந்தது? கார்ப்பரேட்டர் கேட்பது கால் பார் அளவு அழுத்தம். உள்ளே இருப்பது ஒரு மிதவை, ஒரு ஊசி வால்வு, அவ்வளவுதான். இன்ஜெக்ஷன் பம்ப் தள்ளுவதோ மூன்று பார். பத்து மடங்குக்கு மேல்! குழந்தைக்குப் பாலாடையில் ஊட்டவேண்டிய பாலை, தீயணைப்புக் குழாயில் அடித்தோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், தம்பிகளே. கிராங்க் சுற்றாவிட்டால் இரண்டு விநாடியில் பம்ப் நிற்கும்படி ஏன் வைத்தார்கள்? விபத்தில் வண்டி கவிழ்ந்து இன்ஜின் நின்றால், பம்பும் நிற்கவேண்டும் என்பதற்காக. நாம் டைரக்ட் கொடுத்தோமே, அந்த ஒரு வயர், யாரோ ஒரு பொறியாளர் எழுதிவைத்த உயிர்க்காப்பை அறுத்த வயர். வயரில் டைரக்ட் என்று ஒன்று இல்லை. எதையோ தாண்டிப் போனால்தான் அது டைரக்ட். எதைத் தாண்டினோம் என்று கேட்காமல் வயர் இழுக்காதீர்கள்.

நான்காம் கேள்வி: குளிருமா?

ரேடியேட்டர் ஹோஸ் விட்டம் பொருந்துகிறதா? தண்ணீர் போகும் வழியும் வரும் வழியும் சரியான பக்கம் இருக்கின்றனவா? புது வண்டியில் ஃபேனை ஓட்டுவது யார்? அதே கம்ப்யூட்டர். சூட்டைச் சொல்லும் சென்சார் பழைய இன்ஜினில் இல்லை என்றால் ஃபேனுக்கு யார் சொல்வது? சோதனை ஓட்டத்தில் தெரியவே தெரியாது. ஜி.என்.டி. சாலையில் அறுபதில் போகும்போது காற்றே குளிர்விக்கும். ரயில்வே கேட்டில் நிலக்கரி ரயிலுக்காக இருபது நிமிடம் நின்றால்தான் தெரியும். நம் ஊரில் கேட்டில் நிற்காத வண்டி ஏது?

ஐந்தாம் கேள்வி: பேசுமா?

இதுதான் இந்தக் காலத்துக் கேள்வி. பழைய வண்டியில் எல்லாம் தனித்தனி. ஸ்பீடோமீட்டருக்கு ஒரு கேபிள். சூட்டு முள்ளுக்கு ஒரு வயர். டைனமோவுக்கு ஒரு லைட். புது வண்டியில் அப்படி இல்லை. 1986இல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 'கேன்' என்ற ஏற்பாட்டை அறிமுகப்படுத்தியது. இரண்டு வயர். அந்த இரண்டு வயரில் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. இன்ஜின் பெட்டி "நான் ஓடுகிறேன்" என்று சொன்னால்தான், எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் உதவிக்கு வரும். "சுமை தாங்குவேன்" என்று சொன்னால்தான் ஏ.சி. கம்ப்ரசர் ஒட்டும். சாவியில் இருக்கும் சிப்பை அடையாளம் கண்டால்தான் ஸ்டார்ட்டே ஆகும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு ஊமையைக் கொண்டுபோய் உட்காரவைத்தால்? இன்ஜின் ஓடும், ஸ்டியரிங் கனக்கும். ஏ.சி. வராது. டேஷ்போர்டில் தீபாவளி மாதிரி லைட் எரியும். எதற்கு எரிகிறது என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு உண்மையிலேயே பிரேக்கில் கோளாறு வந்து லைட் எரிந்தால்? "அது எப்பவும் எரியும் சார்" என்று ஓட்டுவார். எப்பவும் எரிகிற எச்சரிக்கை, எச்சரிக்கை இல்லை.

ஆறாம் கேள்வி: நிற்குமா?

இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் என்ன உறவு என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் காற்றில் உண்டாகும் வெற்றிடம்தான் பிரேக் பூஸ்டருக்கு பலம். பழைய டீசல் இன்ஜினில் அந்த வெற்றிடம் கிடையாது. அதற்குத் தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும், பல இன்ஜின்களில் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும். அதை விட்டுவிட்டு டீசல் இன்ஜினைப் பெட்ரோல் காரில் ஏற்றினால், முதல் மிதியில் பிரேக் பிடிக்கும், பூஸ்டரில் மிச்சம் இருந்ததால். அடுத்தடுத்த மிதியில் பெடல் கல்லாக இருக்கும். வண்டி கிளம்புகிறதா என்று பார்க்க நாம் கூட்டமாக நிற்கிறோம். நிற்கிறதா என்று பார்க்க எத்தனை பேர் இருக்கிறோம்?

ஏழாம் கேள்வி: புத்தகத்தில் ஏறுமா?

ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பருக்குப் பக்கத்தில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. அது அலங்காரத்துக்கு இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. அதே வகை இன்ஜினை மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதியவேண்டும். வண்டியின் அடிப்படையே மாறும்படி செய்ய அனுமதி இல்லை. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது.

புகைக் கணக்கும் இதில் வருகிறது. சென்னைக்கு 2001இல் பாரத் ஸ்டேஜ் இரண்டு, 2005இல் மூன்று, 2010இல் நான்கு, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் ஆறு. பி.எஸ். நான்கு என்று பதிந்த காரில், கார்ப்பரேட்டர் காலத்து இன்ஜினைப் போட்டால் அது எந்த ஸ்டேஜ்? எதுவும் இல்லை. காரின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அதன் புகையைத் தாங்காது. ஏற்கெனவே சாம்பலும் லாரிப் புகையும் சாப்பிடுகிற ஊர் நம் ஊர். நம் பிள்ளைகளின் நெஞ்சில் இன்னொரு பிடி போடவேண்டுமா? விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் இன்ஜின் நம்பரைப் பார்க்கும் அன்று, மிச்சம் பிடித்த பணம் எங்கே போகும்?

ஏழு கேள்வி. உட்காருமா, பிடிக்குமா, குடிக்குமா, குளிருமா, பேசுமா, நிற்குமா, புத்தகத்தில் ஏறுமா? முதல் கேள்விக்கு மட்டும்தான் பட்டறையில் அரை மணி நேரத்தில் பதில் கிடைக்கும். அதனால்தான் அது நம்மை ஏமாற்றுகிறது.

அப்படியென்றால் பழைய இன்ஜினே வாங்கக் கூடாதா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்பது எனக்குக் கேட்கிறது. வாங்கலாம். வாங்குகிற முறை இருக்கிறது. உங்கள் வண்டியின் அதே இன்ஜின் குறியீடு, அதே பாரத் ஸ்டேஜ் வாங்குங்கள். வெறும் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். சென்சார்களோடு, வயரிங் அறுபடாமல், கழற்றிய வண்டியின் கம்ப்யூட்டரும் சாவியும் கிடைத்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். இன்ஜின் நம்பர் தேய்க்காமல் இருக்கிறதா, பில் தருகிறார்களா பாருங்கள். பில் இல்லாத இன்ஜின் இன்னொருவர் வண்டியிலிருந்து திருடு போனதாக இருக்கலாம்.

வாடிக்கையாளரிடம் ஏழு கேள்விக்கும் ஆகும் செலவைக் கூட்டிச் சொல்லுங்கள். இன்ஜின் விலையை மட்டும் சொல்வது பாதி உண்மை. அடாப்டர், லேத் கூலி, பம்ப், ரேடியேட்டர், வயரிங், அலைச்சல் எல்லாம் கூட்டினால், சரியான இன்ஜினே மலிவு என்று பல நேரம் அவருக்கே தெரிந்துவிடும். வேலை போய்விடுமே என்று பயப்படாதீர்கள். செய்யக் கூடாத வேலையைச் செய்யவேண்டாம் என்று சொன்ன மெக்கானிக்கைத்தான் வாடிக்கையாளர் பத்துப் பேருக்குச் சொல்வார்.

என் டீயின் விலையைச் சொல்கிறேன் என்று சொன்னேன் அல்லவா?

அந்த ஆசிரியரின் காரில் ஏற்றிய இன்ஜினை நாங்களே இறக்கினோம். அவரிடம் ஒரு ரூபாய் கூலி வாங்கவில்லை. மூன்று வாரம் அலைந்து, அதே வருஷத்து இன்ஜெக்ஷன் இன்ஜினை, சென்சாரோடு, பில்லோடு தேடிப் பிடித்தோம். விலை வித்தியாசத்தில் பாதியை என் கையிலிருந்து போட்டேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்தும் கொடுத்தோம். அந்தக் கார் இப்போதும் ஓடுகிறது.

அந்தப் பழைய கார்ப்பரேட்டர் இன்ஜின்? ஆறு மாதம் பட்டறை மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. பையன்கள் அதை 'ஊமை' என்று கூப்பிட்டார்கள். இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம் என்றார்கள். ஒரு நாள் பொன்னேரியிலிருந்து ஒரு பெரியவர், அதே காலத்து, அதே கார்ப்பரேட்டர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அவர் வண்டியின் இன்ஜின் போய்விட்டது. நான் சுவரில் இருந்த ஏழு கேள்வியையும் வாய்விட்டுப் படித்தேன். ஏழுக்கும் பதில் இருந்தது. இறக்கினோம். சாக்குத் துணி வாடைகூடப் போகாத அந்த இன்ஜின், இரண்டாவது சாவித் திருப்பலில் எடுத்தது. ஐடிலில் நிற்கவைத்து, ஏர் கிளீனர் மேல் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்கவைத்தேன். அது நகரவில்லை.

வண்டலூரில் அந்த வான்கார்டு இன்ஜினுக்குக் கிடைக்காதது, என் பட்டறை மூலையில் கிடந்த ஊமைக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து யார் எந்த இன்ஜினைக் கொண்டுவந்தாலும், இது நல்ல இன்ஜினா என்று நான் கேட்பதில்லை. யாருக்கு நல்ல இன்ஜின் என்று கேட்கிறேன்.